உதிரி பாகங்களும் சுங்க வரி அட்டவணையும்

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

விளைந்து தலைசாய்ந்த நெல் வயலின் வரப்போரத்தில் அறுவடை இயந்திரம் ஓடாமல் நிற்பதைக் காண்பது உழவருக்கு மட்டுமன்றி, அவர்களிடையே பணிபுரிவோருக்கும் பெரும் வேதனையாகும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்தில், நமது வட்டாரத்தில் அக்காட்சியை நாம் 11 நாட்கள் கண்டோம். இயந்திரத்தில் பெரும் பழுது எதுவும் இல்லை. வெட்டுக் கத்திகள் தேய்ந்திருந்தன. ஒரு பேரிங் உடைந்திருந்தது. இரண்டு பெல்ட்டுகளை மாற்ற வேண்டியிருந்தது. வேண்டிய பாகங்கள் கடல் கடந்து வந்து சேர்ந்தும் விட்டன. ஆயினும் அவை அடங்கிய பெட்டி துறைமுகத்தை விட்டு வெளிவரவில்லை. பெட்டியிலுள்ள பொருள்கள் சுங்க வரி அட்டவணையில் எந்தெந்த எண்ணில் அடங்கும் என்ற கேள்விக்கு நம் பக்கத்திலிருந்து உரிய விடை அளிக்கப்படாததே அதற்குக் காரணம்.

இதற்கிடையே பருவம் தவறிய மழை பெய்தது. அவ்வியந்திரத்தை நம்பியிருந்த சிறு விவசாயிகள் பலருடைய கதிர்கள் சேற்றில் சாய்ந்தன. சில வயல்களில் நெல் முளைவிட்டது. வாடகை மையத்தை நடத்தி வந்த உழவர் குழுவும் அப்பருவத்தின் வருமானத்தில் பெரும் பகுதியை இழந்தது.

சுங்க வரி என்பது கப்பல் வணிகரின் கவலை, கிராமத்திற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று அதுவரை நாமும் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் தவறு என்பதை அந்த 11 நாட்கள் நமக்கு உணர்த்தின. அறுவடை இயந்திரம், நடவு இயந்திரம், விசைத் தெளிப்பான், பால் கறக்கும் இயந்திரம் எனப் பல கருவிகள் இன்று கிராமங்களுக்கு வந்துள்ளன. இவற்றுள் சில வெளிநாட்டில் செய்யப்பட்டவை. சில உள்நாட்டில் செய்யப்பட்டும் முக்கியமான பாகங்களுக்கு இறக்குமதியை நம்பியிருப்பவை. 2014-15-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் வாடகை மையங்களும் ஏற்பட்டுள்ளன. இயந்திரம் வாங்குவது ஒரு நாள் வேலை. அதைப் பழுதின்றி ஓட்டுவது பல ஆண்டு வேலை. ஆகவே உதிரி பாகங்களின் மீது சுங்க வரி எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் ஓரளவு அறிந்திருப்பது நலம் பயக்கும்.

அட்டவணை என்பது யாது?

வெளிநாட்டிலிருந்து வரும் பொருள் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு வரி என்று முடிவு செய்ய வேண்டுமானால், முதலில் அப்பொருள் இன்னதென்று வகுக்க வேண்டும். அவ்வாறு பொருள்களை வகுத்துக் காட்டும் பெரும் பட்டியலே சுங்க வரி அட்டவணையாகும். நம் நாட்டில் 1934-ஆம் ஆண்டின் இந்திய வரி அட்டவணைச் சட்டம் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அதற்குப் பதிலாக 1975-ஆம் ஆண்டின் சுங்க வரி அட்டவணைச் சட்டம் இயற்றப்பட்டது. வரியை விதித்து வசூலிக்கும் முறைகளைக் கூறுவது 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம். முன்னது 'எவ்வளவு' என்பதையும், பின்னது 'எவ்வாறு' என்பதையும் கூறுகின்றன என்று சுருக்கமாகக் கொள்ளலாம்.

ஒவ்வொரு நாடும் தனக்குத் தோன்றியவாறு பொருள்களை வகுத்தால் உலக வாணிபம் குழப்பமடையும். எனவே பிரஸ்ஸல்ஸ் நகரில் இயங்கும் உலகச் சுங்க அமைப்பு எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரு முறையை வகுத்துள்ளது. எச்.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் இம்முறை உலக அளவில் 1-1-1988 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் நாடு அதற்கு முன்பே, 1986-ஆம் ஆண்டிலேயே, தன் அட்டவணையை இம்முறைக்கு ஏற்ப மாற்றிக் கொண்டது. இம்முறை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை திருத்தப்படுகிறது. 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் வந்த திருத்தங்களைத் தொடர்ந்து, 1-1-2028 முதல் அடுத்த திருத்தம் நடைமுறைக்கு வர வகை செய்யப்பட்டுள்ளது. ஆகையால் பழைய ரசீதில் கண்ட எண்ணையே என்றும் சரியென்று கொள்ளலாகாது.

அட்டவணையில் 21 பிரிவுகள் உள்ளன. அவை அத்தியாயங்களாகவும், அத்தியாயங்கள் தலைப்புகளாகவும், தலைப்புகள் உபதலைப்புகளாகவும் பிரிகின்றன. ஒரு பொருளின் எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தையும், முதல் நான்கு தலைப்பையும், ஆறு இலக்கங்கள் உலகப் பொதுவான உபதலைப்பையும் குறிக்கும். நம் நாட்டில் மேலும் இரண்டு இலக்கங்கள் சேர்த்து, 2003-ஆம் ஆண்டு முதல் எட்டு இலக்க எண் வழங்குகிறது.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். 84 என்பது இயந்திரங்களின் அத்தியாயம். 8433 என்பது அறுவடை இயந்திரங்களுக்கும் கதிரடிக்கும் இயந்திரங்களுக்கும் உரிய தலைப்பு. 8433 51 என்பது அறுத்து அடிக்கும் இரு வேலையையும் ஒருங்கே செய்யும் கூட்டு அறுவடை இயந்திரம். 8433 90 என்பது இத்தலைப்பிலுள்ள இயந்திரங்களின் பாகங்கள். வீட்டு விலாசத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், தெரு என்று குறுகிக்கொண்டே போவது போன்றதே இம்முறையும்.

'உதிரி பாகம்' என்று ஒரு தலைப்பு இல்லை

நமது வட்டாரத்துக் குழுவினர் எங்கே தவறினர் என்பதை இனிக் காண்போம். அவர்கள் தங்களுக்காக இறக்குமதி செய்த வியாபாரிக்கு 'அறுவடை இயந்திர உதிரி பாகங்கள், பெட்டி 1' என்று எழுதினர். வியாபாரியும் பெட்டி முழுவதையும் 8433 90 என்ற ஒரே எண்ணில் காட்டிவிட்டார். பார்வைக்கு இது நியாயமாகவே தோன்றும். அறுவடை இயந்திரத்திற்காக வாங்கியவை அறுவடை இயந்திரத்தின் பாகங்கள்தாமே?

ஆனால் அட்டவணை அவ்வாறு நோக்குவதில்லை. பழுது பார்ப்பதற்காக வரும் பொருள்கள் என்று ஒரு தலைப்பு அதில் இல்லை. ஒரு பொருளை எதற்காக வாங்கினோம் என்பதைவிட, அது எத்தகைய பொருள் என்பதே அங்கு முதலில் கேட்கப்படும்.

நம் வாரச் சந்தையை நினைவு கூர்வோம். கமலைக்காக வாங்கினாலும், வண்டியில் பாரம் கட்டுவதற்காக வாங்கினாலும் கயிறு கயிற்றுக் கடையில்தான் கிடைக்கும். 'கமலைச் சாமான்' என்று சொன்னதால் அது வேறு கடைக்குப் போய்விடாது. ஆனால் கலப்பைக்குரிய கொழுவோ கலப்பைக்கன்றி வேறெதற்கும் உதவாது. அதைக் கலப்பையோடு சேர்த்தே எண்ணுவோம். பொதுவாகப் பயன்படுவது தன் சொந்தப் பெயரால் நிற்கும். ஒன்றிற்கே உரியது அந்த ஒன்றோடு சேரும். அட்டவணையின் விதிகளுக்கு அடிப்படையான கருத்து இதுவே.

முறையாகக் கேட்க வேண்டிய கேள்விகள்

அட்டவணையின் தொடக்கத்தில் ஆறு பொது விளக்க விதிகள் உள்ளன. தலைப்பின் வாசகத்தையும், பிரிவு, அத்தியாயம் ஆகியவற்றின் குறிப்புகளையும் கொண்டே ஒரு பொருளை வகுக்க வேண்டும் என்பது முதல் விதி. இயந்திரங்களைப் பற்றிய 16-ஆம் பிரிவின் குறிப்புகள் பாகங்களை வகுக்கும் வழியைத் தெளிவாகக் கூறுகின்றன. அவற்றை நான்கு கேள்விகளாக நாம் வரிசைப்படுத்திக் கொள்ளலாம்.

முதல் கேள்வி: இப்பொருள் 16-ஆம் பிரிவிலிருந்தே விலக்கப்பட்டதா? போல்ட், நட், திருகாணி, சங்கிலி, ஸ்பிரிங் போன்றவை பொதுப் பயனுள்ள பாகங்கள் எனப்படும். இவை எந்த இயந்திரத்தில் பொருந்தினாலும் உலோகப் பொருள்களுக்குரிய 15-ஆம் பிரிவிலேயே நிற்கும். ரப்பர் பெல்ட்டுகளும், இயந்திரங்களில் பயன்படும் மென்ரப்பர் பொருள்களும் ரப்பருக்குரிய 40-ஆம் அத்தியாயத்திற்குப் போகும். வெட்டுக் கத்திகள் 82-ஆம் அத்தியாயத்திற்குப் போகும்.

இரண்டாம் கேள்வி: இப்பாகத்திற்கு 84 அல்லது 85-ஆம் அத்தியாயத்தில் தனித் தலைப்பு உண்டா? பேரிங், பல்சக்கரம், பம்ப், வால்வு, வடிகட்டி ஆகியவற்றிற்குத் தனித் தலைப்புகள் உண்டு. அவ்வாறிருப்பின் அது அத்தலைப்பிலேயே அடங்கும். எந்த இயந்திரத்திற்கு உரியது என்பதைப் பார்க்க வேண்டியதில்லை.

மூன்றாம் கேள்வி: தனித் தலைப்பு இல்லையெனில், இது ஒரு குறிப்பிட்ட வகை இயந்திரத்திற்கு மட்டுமோ, முதன்மையாகவோ பயன்படுவதா? ஆம் எனில் அவ்வியந்திரத்தின் பாகங்களோடு சேரும்.

நான்காம் கேள்வி: மேற்கூறிய எதிலும் அடங்காவிடில்? மின் இணைப்பு போன்ற மின்சார அமைப்பு ஏதும் இல்லாத இயந்திரப் பாகங்களுக்கென 8487 என்ற பொதுத் தலைப்பு உள்ளது. அதனைக் கடைசிப் புகலிடமாகவே கொள்ள வேண்டும்.

இக்கேள்விகளை வரிசை மாற்றாமல் கேட்பது முக்கியமாகும். நம் குழுவினரும் வியாபாரியும் மூன்றாம் கேள்வியை முதலில் கேட்டனர். அதற்கு விடை கிடைத்ததும் நின்றுவிட்டனர்.

பெட்டியைத் திறந்து பார்ப்போம்

மேற்கூறிய கேள்விகளைக் கொண்டு ஓர் அறுவடை இயந்திரத்தின் பாகங்களைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் நன்கு விளங்கும்.

வெட்டுக் கத்திகள், அதாவது இயந்திரத்தில் பொருத்தப்படும் தனித்தனி அலகுகள், 8208 என்ற தலைப்பில் அடங்கும். விவசாய இயந்திரக் கத்திகளுக்கென்றே 8208 40 என்ற உபதலைப்பு உண்டு. பேரிங்குகள் 8482. விசையைக் கடத்தும் ரப்பர் பெல்ட்டுகள் 4010. இரும்பு போல்ட், நட்டுகள் 7318, ஸ்பிரிங்குகள் 7320, உருளைச் சங்கிலிகள் 7315. ஹைட்ராலிக் பம்ப் 8413. ஹைட்ராலிக் வால்வு 8481. அதற்குரிய ரப்பர்க் குழாய் 4009. எண்ணெய் வடிகட்டியும் காற்று வடிகட்டியும் 8421. டீசல் என்ஜினின் பிஸ்டன், ரிங், வால்வு முதலியவை என்ஜின் பாகங்களுக்குரிய 8409. ஸ்டார்ட்டர் மோட்டார் 8511, பாட்டரி 8507. ரப்பரால் மட்டும் ஆன ஆயில் சீல் 4016. வெவ்வேறு பொருள்களால் ஆன கேஸ்கட்டுகள் ஓர் உறையில் தொகுப்பாக வந்தால் அத்தொகுப்பு 8484.

அப்படியாயின் 8433 90-இல் எஞ்சுவன யாவை? கதிரடிக்கும் உருளை, அதன் பற்கள், அதன் கீழுள்ள சல்லடை வளைவு, வைக்கோலை வெளித்தள்ளும் அமைப்பு ஆகியன போல, அறுவடை இயந்திரத்திற்கன்றி வேறெதற்கும் உதவாத பாகங்களே எஞ்சும். ஒரே பெட்டியிலுள்ள பொருள்கள் பத்துக்கு மேற்பட்ட தலைப்புகளில் பிரிவதை இதனால் அறியலாம்.

ஐயத்திற்கு இடமானவையும் உண்டு. நம் பகுதியில் சேற்று நிலங்களில் ஓடும் பெல்ட் வகை அறுவடை இயந்திரத்தின் அடியிலுள்ள ரப்பர்த் தடத்தை எடுத்துக் கொள்வோம். இயந்திரத்திற்குரிய ரப்பர்ப் பொருளாதலின் அது 40-ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்தது என்று ஒருவர் வாதிடலாம். உள்ளே எஃகுக் கட்டைகள் பதிக்கப்பட்டு, அவ்வகை இயந்திரத்திற்கென்றே வார்க்கப்பட்டதாதலின் அது இயந்திரத்தின் பாகமே என்று மற்றொருவர் வாதிடலாம். இத்தகைய பொருளில் முன்கூட்டியே தெளிவு பெறுவதே அறிவுடைமையாகும். அதற்குரிய வழியைப் பின்னர்க் கூறுவோம்.

டிராக்டரும் பம்ப்செட்டும்

அறுவடை இயந்திரம் தானே ஓடுவதாயினும் அதன் முதன்மையான பணி அறுவடையே. ஆகையால் அது இயந்திரமாகவே கருதப்படும். டிராக்டரோ 87-ஆம் அத்தியாயத்தில் வாகனங்களோடு 8701 என்ற தலைப்பில் உள்ளது. அது 17-ஆம் பிரிவைச் சேர்ந்ததாதலின் அங்கு வேறு குறிப்புகள் பொருந்தும். டிராக்டரின் பாகங்களுக்குரிய தலைப்பு 8708.

இவ்வேறுபாட்டின் விளைவைக் கியர் பெட்டியில் காணலாம். அறுவடை இயந்திரத்தின் கியர் பெட்டிக்குத் தனித் தலைப்பு இருப்பதால் அது 8483-இல் அடங்கும். டிராக்டரின் கியர் பெட்டியோ 8708 40 என்று பெயர் சொல்லியே வாகனப் பாகங்களில் குறிக்கப்பட்டுள்ளது. பிரேக், கிளட்ச், ரேடியேட்டர், சக்கரம் ஆகியவையும் 8708-இல் பெயர் குறிக்கப்பட்டவையே. ஆனால் டிராக்டருக்கு வாங்கும் டயர் 4011, பேரிங் 8482, என்ஜின் பிஸ்டன் 8409, போல்ட் 7318. டிராக்டரின் பின்னே பூட்டும் கலப்பை டிராக்டரின் பாகமன்று; அது 8432-இல் தனி இயந்திரமாகும்.

கிணற்றுப் பம்ப்செட்டிலும் இவ்வாறே. பம்பினுள் சுழலும் இம்பெல்லர் பம்பின் பாகமாக 8413-இல் அடங்கும். மெக்கானிக்கல் சீல் 8484-இலும், பேரிங் 8482-இலும், தனி மின் மோட்டாரின் ஸ்டேட்டரும் ரோட்டரும் 8503-இலும் அடங்கும்.

கற்றறிந்தோரிடையேயும் இவ்விஷயத்தில் கருத்து வேறுபாடு எழுவதுண்டு. ரயில்வே சமிக்ஞைக் கருவிகளில் பயன்படும் ரிலேக்கள் மின் கருவிகளா, ரயில்வே சமிக்ஞைக் கருவிகளின் பாகங்களா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவை முதன்மையாக ரயில்வே சமிக்ஞைக்கே பயன்படுபவை என்ற அடிப்படையில், உற்பத்தியாளர் கூறிய தலைப்பே சரியென்று 2021 மார்ச்சு மாதத்தில் தீர்ப்பளிக்கப்பட்டது. ஆகவே ஓர் அதிகாரி கேள்வி எழுப்பினார் என்பதாலேயே அவர் நமக்கு இடையூறு செய்கிறார் என்று கருதுவது பொருந்தாது.

எண் மாறினால் என்ன நேரும்?

இறக்குமதிப் பொருளின் மீது முதலில் அடிப்படைச் சுங்க வரி விதிக்கப்படும். பெரும்பாலான பொருள்களில் அவ்வரித் தொகையின் மீது 10 சதவிகிதம் சமூக நல மேல்வரி உண்டு. பின்னர், பொருளின் மதிப்பையும் இவ்வரிகளையும் கூட்டி, அத்தொகையின் மீது ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி கணக்கிடப்படும். இது 1-7-2017 முதல் உள்ள ஏற்பாடு. தலைப்பு எண் மாறினால் அடிப்படை வரியும், சரக்கு சேவை வரியும் மாறக்கூடும்.

விகிதங்கள் வரவு செலவுத் திட்டத்தாலும் அறிவிக்கைகளாலும் அவ்வப்போது மாறுவன. உதாரணமாக, எஃகுத் திருகாணிகளின் மீதான அடிப்படைச் சுங்க வரி 2021-ஆம் ஆண்டில் 10 சதவிகிதத்திலிருந்து 15 சதவிகிதமாக உயர்த்தப்பட்டது. 22-9-2025 முதல், அறுவடை இயந்திரங்கள் மீதான சரக்கு சேவை வரி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகவும், டிராக்டருக்கெனக் குறிப்பிடப்பட்ட பல பாகங்கள் மீதான வரி 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகவும் குறைக்கப்பட்டன. பொதுப் பயனுள்ள பேரிங், போல்ட் முதலியவை இச்சலுகையில் சேரவில்லை.

கணக்கு விளங்கும்பொருட்டு மட்டும் சில விகிதங்களைக் கற்பனையாக வைத்துக் கொள்வோம். ஒரு பாகத்தின் மதிப்பு ரூ. 1,00,000 என்க. அடிப்படை வரி 7½ சதவிகிதம், சரக்கு சேவை வரி 5 சதவிகிதம் எனில், அடிப்படை வரி ரூ. 7,500, மேல்வரி ரூ. 750, ஆகக் கூடிய ரூ. 1,08,250-இன் மீது 5 சதவிகிதம் ரூ. 5,412.50. மொத்த வரி ரூ. 13,662.50. அதே பாகம் 15 சதவிகிதமும் 18 சதவிகிதமும் உள்ள தலைப்பில் அடங்குமாயின், அடிப்படை வரி ரூ. 15,000, மேல்வரி ரூ. 1,500, ஆகக் கூடிய ரூ. 1,16,500-இன் மீது 18 சதவிகிதம் ரூ. 20,970. மொத்த வரி ரூ. 37,470. வேறுபாடு ரூ. 23,807.50.

சரக்கு சேவை வரியை வியாபாரிகள் தம் கணக்கில் வரவு வைத்துக் கொள்ளலாம். ஆனால் விவசாயிக்கு அவ்வசதி இல்லை. விவசாய இயந்திரங்களை வாடகைக்கு விடும் பணிக்கு இவ்வரியிலிருந்து விலக்கு உள்ளமையால், அப்பணியை மட்டும் செய்யும் வாடகை மையமும் பாகத்திற்குச் செலுத்திய வரியைத் திரும்ப ஈடு செய்துகொள்ள இயலாது. முடிவில் அத்தொகை ஏக்கர் வாடகையில்தான் ஏறும்.

எனவே வரி குறைந்த எண்ணைத் தேடிப் பிடிக்கலாம் என்று எவரும் எண்ணலாகாது. 2011-ஆம் ஆண்டு முதல், வரியைத் தாமே மதிப்பிட்டு அறிவிக்கும் பொறுப்பு இறக்குமதியாளரையே சார்ந்தது. குறைவாகச் செலுத்திய வரியை 2 ஆண்டுகளுக்குள்ளும், வேண்டுமென்றே மறைத்திருந்தால் 5 ஆண்டுகளுக்குள்ளும் கோரச் சட்டம் இடமளிக்கிறது. அதனுடன் வட்டியும் அபராதமும் சேரும். பொருந்தாத எண்ணால் அதிக வரி செலுத்துவதும் உண்டு. அதுவும் நம் பணமே. குறைந்த எண்ணும் வேண்டாம், கூடிய எண்ணும் வேண்டாம். சரியான எண்ணே வேண்டும்.

ஐயம் எழுந்தால் செய்ய வேண்டியவை

நமது வட்டாரத்துப் பெட்டிக்கு மீண்டும் வருவோம். சுங்க அதிகாரிகள் கேட்டது, ஒவ்வொரு பாகமும் எதனால் ஆனது, எங்கே பொருந்துவது என்பதைக் காட்டும் உற்பத்தியாளரின் பாகப் பட்டியல் நூல் ஒன்றே. குழுவினரிடம் அந்நூல் இல்லை. வியாபாரியிடமும் இல்லை. எங்கெங்கோ கேட்டு எழுதினார்கள். 9-ஆம் நாள், பழைய கோப்பு ஒன்றைத் தேடும்போது, அந்நூல் நம் அலுவலகப் பீரோவிலேயே இருக்கக் கண்டோம். குழுவினரின் விண்ணப்பத்தைப் பரிந்துரைத்த காலத்தில் மற்ற காகிதங்களோடு அதையும் வாங்கிக் கட்டி வைத்திருந்தோம். திருப்பித் தர மறந்துவிட்டோம். அதனை அனுப்பிய இரண்டாம் நாள், பாகங்கள் தனித்தனி வரிகளாகப் பிரித்து எழுதப்பட்டுப் பெட்டி விடுவிக்கப்பட்டது. முளைவிட்ட நெல்லில் நம் அலுவலகத்தின் கவனக் குறைவுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக் கொள்வதே முறை.

அப்போது நாம் அறிந்திராத வேறொரு வழியும் இருந்தது. வகைப்பாட்டைப் பற்றி உடனே முடிவு செய்ய இயலாதபோது, சுங்கச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி தற்காலிக வரி மதிப்பீட்டைக் கோரலாம். உரிய பிணைப் பத்திரமும், கேட்கப்படும் ஈடும் அளித்தால் பொருளை எடுத்துக் கொள்ள அனுமதி கிடைக்கும். இறுதி முடிவுக்குப் பின் வித்தியாசத்தைச் செலுத்தலாம், அல்லது திரும்பப் பெறலாம். வாதம் ஒரு பக்கம் நடக்க, இயந்திரம் மற்றொரு பக்கம் ஓடும். அறுவடைக் காலத்தில் இவ்வழியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

மேற்கூறிய ரப்பர்த் தடத்தைப் போல ஐயத்திற்கிடமான பொருளை அடிக்கடி இறக்குமதி செய்வோர், பொருள் வருமுன்பே முன்கூட்டிய தீர்ப்பைக் கேட்கலாம். இதற்கென டில்லியிலும் மும்பையிலும் 2021 ஜனவரி முதல் சுங்க முன்தீர்ப்பு ஆணையங்கள் இயங்குகின்றன. விண்ணப்பம் கிடைத்த 3 மாதத்திற்குள் அவை தீர்ப்புக் கூற வேண்டும் என்பது விதி. பருவம் தொடங்குமுன் செய்ய வேண்டிய காரியம் இது.

அதிகாரியின் உத்தரவு சரியன்று என்று தோன்றினால், அது கிடைத்த 60 நாட்களுக்குள் சுங்க ஆணையரிடம், அதாவது மேல்முறையீடுகளை விசாரிப்பவரிடம், மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் தீர்ப்பாயமும், இறுதியாக உச்ச நீதிமன்றமும் உள்ளன. வரி மதிப்பீட்டை மேல்முறையீட்டின் வாயிலாகவோ, சட்டம் காட்டும் பிற வழியாலோ மாற்றிக் கொள்ளாமல், 'கூடுதலாகக் கட்டிய வரியைத் திருப்பித் தருக' என்று மட்டும் கேட்டால் பயனில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியுள்ளது. ஆகையால் வியாபாரி 'பிறகு பார்த்துக் கொள்ளலாம்' என்று கூறினால் அதை நம்பி 60 நாட்களைக் கடத்திவிடக் கூடாது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கவனிக்கத்தக்கவை

வாடகை மையம் உள்ள ஊர்களில் உறுப்பினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்.

1. இயந்திரம் வாங்கும் நாளிலேயே பாகப் பட்டியல் நூலைக் கேட்டுப் பெறுக. அதன் நகல் ஒன்று மையத்தில் எப்போதும் இருக்கட்டும். அசலை எந்த அலுவலகத்திற்கும், நம் அலுவலகம் உட்பட, கொடுத்துவிட வேண்டாம்.

2. பாகம் கேட்டு எழுதும்போது 'உதிரி பாகங்கள்' என்று பொதுப்பட எழுதாமல், ஒவ்வொன்றின் பெயர், பாக எண், எண்ணிக்கை, எதனால் ஆனது என்பவற்றைத் தனித்தனி வரியில் எழுதுக. விலைப்பட்டியலும் அவ்வாறே வர வேண்டுமென்று வியாபாரியிடம் வற்புறுத்துக.

3. ரசீதில் எச்.எஸ்.என். என்ற தலைப்பின் கீழுள்ள எண்ணைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் உடையோர் 1-4-2021 முதல் ஆறு இலக்கங்களைக் காட்ட வேண்டும். கத்தி, பெல்ட், போல்ட் யாவற்றிற்கும் ஒரே எண் போடப்பட்டிருந்தால் காரணம் கேட்கலாம்.

4. பேரிங், பெல்ட், போல்ட், சங்கிலி, வடிகட்டி போன்ற பொதுப் பாகங்கள் அளவு ஒத்திருந்தால் உள்நாட்டிலேயே கிடைக்கின்றனவா என்று முதலில் விசாரிக்க. அட்டவணை எவற்றைப் பொதுப் பாகங்கள் என்று கூறுகிறதோ, அவற்றுட் பெரும்பாலானவை நம் கடைவீதியிலும் கிடைக்கக் கூடியவை.

5. இறக்குமதி செய்தே தீர வேண்டிய பாகங்களைப் புரட்டாசி, ஐப்பசியிலேயே கேட்டு எழுதுக. தை மாதத்தில் கத்தி தேயும் என்பதை ஆவணியிலேயே அறிவோம்.

6. பெட்டி துறைமுகத்தில் நின்றால், தற்காலிக மதிப்பீடு கோரப்பட்டதா என்று வியாபாரியிடமும் சுங்க முகவரிடமும் அன்றே கேட்க.

நமது வட்டாரத்தில் அக்குழு இன்றும் இயங்கி வருகிறது. மையத்தின் சுவரில் ஒரு நீண்ட தாள் ஒட்டப்பட்டுள்ளது. பாகத்தின் பெயர், பாக எண், அட்டவணைத் தலைப்பு, கடைசியாக வாங்கிய தேதி என நான்கு பத்திகள் அதில் உள்ளன. பள்ளி இறுதி வகுப்பு வரை படித்த ஓர் இளைஞர் அதனை எழுதி வருகிறார். அதன் பின்னர் வந்த பருவங்களில் அவ்வியந்திரம் பாகம் வராமையால் ஒரு நாளும் நின்றதில்லை. பெருஞ்செலவோ பெரும்படிப்போ இதற்குத் தேவைப்படவில்லை. மற்ற ஊர்களிலும் வரும் பருவத்திற்கு முன் இத்தகைய ஒரு தாளைத் தயாரிக்க உறுப்பினர்கள் முன்வர வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம்.